பெயருக்குப் பின்னே ஓர் ஊர்

நுழையும்முன்

சந்தையில் வாங்கும் ஒவ்வொரு பொருளின் தரத்தையும் நாமே ஆராய்ந்து அறிய இயலாது. எனவே, நாம் ஒரு பெயரை நம்பி வாங்குகிறோம்; அல்லது அப்பெயரைப் பரிந்துரைப்பவரை நம்பி வாங்குகிறோம். அந்த நம்பிக்கை எவ்வாறு உருவாகிறது? அது யாருக்கு உரியது? அதை விலைபேசும்போது என்ன நேர்கிறது? ஒட்டன்சத்திரத்தையும் பழனி மலைத்தொடரையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரில்லாப் பொருளும் பெயருள்ள பொருளும்

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தையொட்டி அமைந்த ஒட்டன்சத்திரம், தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றைக் கொண்ட ஊராகும். சுற்றுவட்டார உழவர்கள் விளைவித்த தக்காளி, முருங்கை, வெண்டை, கத்தரி, பச்சைமிளகாய் முதலியன இங்கு மூட்டைகளாகவும் பெட்டிகளாகவும் வந்து இறங்குகின்றன. கமிஷன் மண்டிகளில் விலைபேசப்பட்டு லாரிகளில் ஏற்றப்படுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி கேரளத்துக்குச் செல்கிறது. கொச்சியில் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கும் ஒருவருக்கு, அது எந்த ஊரில், யாருடைய தோட்டத்தில் விளைந்தது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு எழுவதில்லை. பெயரின்றிச் செல்லும் பொருளின் விலையை அன்றைய வரத்தே பெரிதும் முடிவு செய்கிறது. வரத்து மிகுந்தால் விலை வீழ்கிறது. உழவரின் உழைப்பும் கவனமும் விலையில் பெரிதாக வெளிப்படுவதில்லை.

இச்சந்தையிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் விருப்பாச்சி என்னும் ஊர் இருக்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர் அது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த மண்ணும் அதுவே. இவ்வூரின் பெயரை மலைச்சரிவில் விளையும் ஒரு வாழையும் தாங்கி நிற்கிறது. 'விருப்பாச்சிப் பழம்' என்று கேட்டு வாங்குவோர், அதன் மணத்தையும் சுவையையும் முன்பே அறிந்தவர்கள். அல்லது அறிந்தவர் ஒருவர் சொல்லக் கேட்டவர்கள். முருங்கைக்காய் மூட்டையும் இவ்வாழைத்தாரும் ஒரே வட்டாரத்தின் விளைபொருள்கள்தாம். ஆயினும், ஒன்றுக்குப் பெயர் இல்லை; மற்றொன்றுக்குப் பெயர் இருக்கிறது. பொருளையும் அதன் தரத்தைப் பற்றிய எதிர்பார்ப்பையும் ஒருங்கே நினைவூட்டும் இத்தகைய பெயரையே வணிகப்பெயர் என்கிறோம். பேச்சு வழக்கில் இது 'பிராண்டு' எனப்படுகிறது.

வணிகப்பெயர் என்பது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எழுத்து மட்டுமன்று. 'சென்ற முறை நன்றாக இருந்தது. இந்த முறையும் நன்றாக இருக்கும்' என்று வாங்குபவர் மனத்தில் எழும் நம்பிக்கையே அதன் உள்ளீடு.

முத்திரையும் வாய்மொழியும்

பொருளுக்கு அடையாளமிடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் வந்து குவிந்த பொருள்களின்மீது சுங்க அலுவலர்கள் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் மதித்து, கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் செய்யாத வணிகர்களையும் அந்நூல் போற்றுகிறது. முத்திரை பொருளுக்கு ஓர் அடையாளத்தைத் தந்தது. வணிகரின் நேர்மை அப்பொருளின்மீது நம்பிக்கையைத் தந்தது.

அந்த நம்பிக்கையை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்றது வாய்மொழியாகும். பழனிப் பஞ்சாமிர்தம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்த்து, நீர் விடாமல் ஆக்கப்படுவது அது. மலைவாழையில் ஈரப்பதம் குறைவு என்பதால், பதப்படுத்தும் வேதிப்பொருள் எதுவுமின்றியே பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பாதயாத்திரையாகவும் காவடி எடுத்தும் வருவோர், திரும்புகையில் அதை வாங்கிச் செல்கின்றனர். வீடு சேர்ந்ததும் உற்றார்க்கும் அண்டை வீட்டார்க்கும் பகிர்ந்தளிக்கின்றனர்.

இவ்வாறு பகிர்ந்தளிக்கும் அடியவர் எவரிடமும் கூலி பெறுவதில்லை. பொருளை விற்றுத்தர வேண்டும் என்னும் நோக்கமும் அவருக்கு இல்லை. அதனாலேயே அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. சொல்பவர் நமக்குத் தெரிந்தவர். அவர் பொருளைத் தாமே நுகர்ந்தவர். நம்மை ஏமாற்றுவதால் அவருக்கு ஆதாயம் ஏதும் இல்லை. பரிந்துரை ஒன்றை நாம் நம்புவதற்கு இம்மூன்றும் அடிப்படைகளாகின்றன.

செல்வாக்காளரின் வருகை

இணையமும் திறன்பேசியும் இவ்வாய்மொழியின் எல்லையை விரித்துவிட்டன. தெருவில் பத்து வீடுகளுக்குள் ஒலித்த சொல் இன்று பத்து இலட்சம் பேரைச் சென்றடைகிறது. சமூக ஊடகங்களில் தொடர்ந்து காணொளிகளையும் படங்களையும் வெளியிட்டு, தம்மைப் பின்தொடர்வோரின் விருப்பங்களிலும் வாங்கும் முடிவுகளிலும் மாற்றத்தை உண்டாக்கும் ஆற்றல் பெற்றவரைச் செல்வாக்காளர் என்பர். இவரை ஆங்கில வழக்கையொட்டி 'இன்ஃபுளூயன்சர்' என்று அழைப்பது பெருவழக்காகிவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னவீரமங்கலத்தில் தோன்றிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' இதனை விளக்கும். உழவர் குடும்பத்தைச் சேர்ந்த தாத்தாவும் பேரன்களும் 2018ஆம் ஆண்டில் தொடங்கிய யூடியூப் அலைவரிசை அது. திறந்தவெளியில் அடுப்பு மூட்டி, அம்மியில் அரைத்து, பெரிய அளவில் சமைத்து, அவ்வுணவை முதியோர் முதலானோர்க்கு வழங்குவதை அவர்கள் காணொளிகளாக்கினர். 2021ஆம் ஆண்டில் அந்த அலைவரிசையின் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்தது. அவ்வாண்டே முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு 10 இலட்சம் ரூபாயை அவர்கள் வழங்கினர். திரைப்புகழோ நகரத்துப் பின்புலமோ இல்லாத ஒரு சிற்றூர்க் குடும்பம், தனக்குத் தெரிந்த தொழிலைத் தன் இயல்பான மொழியில் காட்டியே இவ்வளவு மக்களின் அன்பைப் பெற முடிந்தது.

நிறுவனங்கள் செல்வாக்காளரை நாடுவதற்குக் காரணம் இதுவே. தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிகர் ஒருவர் தோன்றினால், அவர் பணம் பெற்றே பேசுகிறார் என்பது பார்ப்பவர்க்குத் தெரியும். செல்வாக்காளர் பேசும்போதோ, நாள்தோறும் காணும் நண்பர் பேசுவதுபோலத் தோன்றுகிறது. பின்தொடர்வோர் குறைவாக இருப்பினும், உழவு, தையல், சமையல், மிதிவண்டிப் பயணம் எனக் குறிப்பிட்ட ஒரு துறையில் ஊன்றி நிற்பவரின் சொல் அத்துறையில் ஈடுபாடுடையோரிடம் ஆழமாகப் பதிகிறது. ஆகவே, எண்ணிக்கையை மட்டும் நோக்காமல், பொருளுக்குப் பொருத்தமான சிறிய செல்வாக்காளர்களையும் நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கின்றன. அவர்களுக்குப் பணமாகவோ, இலவசப் பொருளாகவோ, விற்பனையில் பங்காகவோ ஊதியம் வழங்குகின்றன.

இங்கு விலைக்கு வாங்கப்படுவது எது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நிறுவனம் செல்வாக்காளரின் நேரத்தையும் திறமையையும் மட்டும் வாங்குவதில்லை; அவர்மீது பின்தொடர்வோர் வைத்துள்ள நம்பிக்கையையும் சேர்த்தே வாங்குகிறது. அந்த நம்பிக்கை செல்வாக்காளர் தனித்து உண்டாக்கியது அன்று. அவரைப் பல ஆண்டுகள் பார்த்தும் கேட்டும் ஆதரித்தும் வந்தவர்கள் அவருக்குத் தந்தது.

மறைக்கலாகாத உறவு

பஞ்சாமிர்தம் தரும் அண்டை வீட்டாரிடம் நாம் கண்ட மூன்று அடிப்படைகளுள் மூன்றாவது, பரிந்துரைப்பவர்க்கு ஆதாயம் ஏதும் இல்லை என்பது. ஊதியம் பெறும் செல்வாக்காளரிடம் அது இல்லை. ஊதியம் பெறுவது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். பெற்றதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், கேட்பவர் அதற்கேற்ப அச்சொல்லை எடைபோட்டுக்கொள்வார். மறைத்துவிட்டால் அவ்வாய்ப்பு அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது.

இதனை உணர்ந்தே இந்தியாவில் விதிகள் வகுக்கப்பட்டன. விளம்பரத் துறையினர் தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்ள 1985இல் அமைத்த இந்திய விளம்பரத் தர மன்றம், 2021ஆம் ஆண்டில் செல்வாக்காளர்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான நெறிகளை 2022இல் அறிவித்தது. 2023 ஜனவரியில், செல்வாக்காளர்களுக்கான விளக்கக் குறிப்புகளை நுகர்வோர் நலத்துறை வெளியிட்டது.

பணம் மட்டுமன்றி இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி, பரிசு, உறவு, வேலைவாய்ப்பு ஆகியனவும் வெளிப்படுத்தப்பட வேண்டிய தொடர்புகள் என இந்நெறிகள் கூறுகின்றன. 'விளம்பரம்' என்னும் அறிவிப்பு எளிய சொல்லில், பரிந்துரை செய்யும் அதே மொழியில், கண்ணில் படும் இடத்தில் இருத்தல் வேண்டும். காணொளியாயின் அதன் கீழுள்ள குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது. காணொளிக்குள்ளேயே அறிவிக்க வேண்டும். தாம் பயன்படுத்தியறியாத பொருளைப் பயன்படுத்தியதுபோல் பரிந்துரைத்தலும் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறு செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். பரிந்துரை செய்வதற்கே ஓராண்டு வரை தடை விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

ஊரோடு கூட்டு

ஒருவரின் சொல்லை வாங்குவதைவிட, ஓர் ஊரோடு அல்லது ஒரு தொழிற்குழுவோடு நிலையான உறவு கொள்வது வேறு வகையான முயற்சி. இதனைச் சமூகப் பங்காண்மை எனலாம். குசராத்தின் ஆனந்த் நகரில் 1946இல் பால் உற்பத்தியாளர்கள் தொடங்கிய கூட்டுறவு சங்கமே பின்னாளில் 'அமுல்' என்னும் பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டில் 'ஆவின்' கூட்டுறவு அடிப்படையில் இயங்குகிறது. இவற்றில் பொருளை ஆக்கும் சமூகமே வணிகப்பெயரின் பின்னே நிற்கிறது.

தனியார் நிறுவனங்களும் இவ்வழியை மேற்கொண்டன. இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டி அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் 'சக்தி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. விற்பனை முகவர்கள் எட்டாத சிற்றூர்களில், மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் சோப்பு, ஷாம்பு முதலியவற்றை வீடுவீடாகச் சென்று விற்றனர். ஊரார் அப்பெண்களை அறிந்திருந்தமையால் பொருளும் வீட்டுக்குள் எளிதாக நுழைந்தது. பெண்களுக்கும் வருமானம் கிடைத்தது.

விருப்பாச்சி வாழையின் வரலாறு பங்காண்மையின் மற்றொரு முகத்தைக் காட்டும். பழனி மலையின் கீழ்ப்பகுதிகளில் காப்பித் தோட்டங்களுக்கிடையே பரந்திருந்த மலைவாழையை, அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் 1970களில் கடுமையாகத் தாக்கியது. சாகுபடிப் பரப்பு பெரிதும் சுருங்கியது. பெயர் நிலைத்திருந்தது, பெயருக்குரிய பொருள் மறையத் தொடங்கியது. மலைவாழை உழவர்கள் கூட்டமைப்பாக ஒன்றுதிரண்டனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சிராப்பள்ளியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கும் முயற்சியில் துணைநின்றன. தமிழ்நாடு மலைவாழை உழவர் கூட்டமைப்பின் விண்ணப்பத்தின் பேரில் விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தெரியுமா?

ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் மண், தட்பவெப்பம், மரபுத் திறன் ஆகியவற்றால் தனித்தன்மை பெற்ற பொருளுக்கு வழங்கப்படும் சட்டப் பாதுகாப்பே புவிசார் குறியீடு. இதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் இயங்குகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் இரு மலைவாழைகளைத் தொடர்ந்து, பழனிப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டு ஆகியன 2019இல் இக்குறியீட்டைப் பெற்றன.

இச்சட்டத்தில் ஆழ்ந்து எண்ணத்தக்க கூறு ஒன்று உண்டு. தனியார் வணிகச் சின்னத்தை அதன் உரிமையாளர் விற்கலாம், அடகும் வைக்கலாம். புவிசார் குறியீட்டை அவ்வாறு விற்கவோ, அடகு வைக்கவோ, பிறர்க்கு உரிமம் அளிக்கவோ சட்டம் இடந்தரவில்லை. அப்பகுதியில் அப்பொருளை முறையாக விளைவிப்போரும் ஆக்குவோருமே அங்கீகாரம் பெற்றுப் பயன்படுத்தலாம். தலைமுறைகள் சேர்த்துவைத்த நற்பெயர் எந்தத் தனியொருவருக்கும் உடைமையன்று என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது.

ஊர் மறுத்துப் பேசும்போது

சமூகத்தோடு கூட்டு என்பது விளம்பரப் படத்தில் ஊர் மக்களைச் சிரிக்கவைத்துக் காட்டுவதோடு முடிவதில்லை. ஊர் முறையிடும்போது செவிகொடுப்பதும் அதன் பகுதியாகும். இவ்வுண்மையை அதே மலைத்தொடரில் அமைந்த கொடைக்கானல் உணர்த்தியது.

1980களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கொடைக்கானலில் நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பின்னர் மேற்கூறிய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. அந்நிறுவனம் அக்காலத்தில் இந்துஸ்தான் லீவர் எனப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊரின் பழைய பொருள் கடை ஒன்றில் கிடப்பதை 2001 மார்ச்சில் உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடப்பட்டது. தம் உடல்நலக் கேட்டுக்கு இழப்பீடு வேண்டி முன்னாள் தொழிலாளர்கள் போராட்டங்களாலும் நீதிமன்ற வழக்காலும் பல்லாண்டு முயன்றனர். தொழிலாளரின் உடல்நலம் தொழிற்சாலைப் பணியால் கெடவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது.

2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோபியா அஷ்ரப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' என்னும் காணொளிப் பாடல் இணையத்தில் வெளியாயிற்று. புகழ்பெற்ற அமெரிக்கப் பாடல் ஒன்றின் மெட்டில் அது அமைந்திருந்தது. அம்மூலப் பாடலைப் பாடிய நிக்கி மினாஜும் அதைத் தம் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். இலட்சக்கணக்கானோர் பார்த்தனர், நிறுவனத்தின் உலகத் தலைமை நிர்வாகியே பொதுவெளியில் விடையளிக்க நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதநேய அடிப்படையில் உதவித்தொகை வழங்குவதாக அறிவித்தது.

ஒரு பாடல் பதினைந்து ஆண்டுச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்று கருதுவது பிழையாகும். தொழிலாளர்களின் விடாமுயற்சியே அதன் வேர். பாடகி அவர்களின் குரலுக்கு எட்டும் தொலைவைத் தந்தார். சொல்லவேண்டிய செய்தியை அவர்களே வைத்திருந்தனர். பொருளை விற்க உதவும் அதே செல்வாக்கு, நிறுவனத்தை வினவவும் பயன்படும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. ஒரு மாநிலத்தின் சிற்றூர்ப் பெண்களோடு கூட்டு வைத்த நிறுவனத்தை, மற்றொரு மாநிலத்தின் மலையூர்த் தொழிலாளர்கள் கேள்வி கேட்டனர். மக்கள் ஒரு வணிகப்பெயரை மதிப்பிடும்போது இரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்வர்.

கேட்டறிய வேண்டியவை

விளம்பரத்தின் வடிவங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆயினும், பரிந்துரை ஒன்றை எதிர்கொள்ளும்போது கேட்கவேண்டிய வினாக்கள் மாறுவதில்லை. சொல்பவர் அப்பொருளைத் தாமே பயன்படுத்தினாரா? இதனால் அவர் பெறும் ஆதாயம் என்ன, அதை அவர் வெளிப்படையாகச் சொன்னாரா? பொருளை விளைவித்தவர்க்கும் ஆக்கியவர்க்கும் வருவாயில் உரிய பங்கு சேர்கிறதா? குறை நேர்ந்தால் அவர்கள் பேச இடமுண்டா? முதலிரண்டு வினாக்கள் செல்வாக்காளரை எடைபோட உதவும். பின்னிரண்டும் பங்காண்மையை எடைபோட உதவும்.

வாங்குபவராக மட்டுமன்றி, சொல்பவராகவும் இன்றைய மாணவர் விளங்குகிறார். ஒட்டன்சத்திரத்து மாணவி ஒருத்தி, தன் தந்தையின் முருங்கைத் தோட்டத்தைத் திறன்பேசியில் படம்பிடித்து, விதைப்பு முதல் மண்டி வரை காட்டினால், பெயரின்றிச் சென்ற மூட்டைக்கு ஒரு பெயர் பிறக்கக்கூடும். அப்பெயர் நிலைப்பதற்கு அழகிய காட்சி மட்டும் போதாது. காணொளியில் காட்டிய காயே மூட்டையின் அடிவரை இருத்தல் வேண்டும். அவளை நம்பி அண்டைத் தோட்டத்தாரும் தம் காயை அப்பெயரில் அனுப்பினால், அவர்களின் உழைப்புக்கும் அவள் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ஓர் ஊர் தன் பெயரை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அதைக் குறையாமல் திருப்பித் தரும் கடமையையும் சேர்த்தே ஒப்படைக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பெயரால் அறியப்படும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஆக்குவோரிடம் உரையாடி, அப்பெயர் எவ்வாறு உருவாயிற்று என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. சமூக ஊடகத்தில் நீங்கள் கண்ட பரிந்துரைக் காணொளி ஒன்றைக் கட்டுரையின் நான்கு வினாக்களைக் கொண்டு மதிப்பிட்டு வகுப்பில் பேசுக.

3. 'ஊதியம் பெற்றுச் செய்யும் பரிந்துரை நம்பத்தக்கதா?' என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.